ஆம்புலன்ஸில் 230 வோல்ட் பிளக் பாயிண்ட் வைப்பது பாதுகாப்பானதா?

உங்கள் சங்கத்து வண்டியில் இன்வெர்ட்டர் வைத்து நான்கு சாக்கெட் பொருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருத்தலாம். நான் வேன்களுக்கு ஆம்புலன்ஸ் பாடி கட்டும் பட்டறையில் பன்னிரண்டு ஆண்டுகளாக மின்வேலை பார்க்கிறேன். எனக்குப் பயம் இன்வெர்ட்டரில் இல்லை. வண்டி ஷெட்டில் நிற்கும்போது சார்ஜுக்காகச் செருகும் சுவர் பிளக்கில்தான்.

ஒரு மழைநாளில் ஒரு தனியார் மருத்துவமனையின் வண்டியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்கிறது என்றார் அங்கிருந்த நர்ஸ். டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. மல்டிமீட்டரில் பாடிக்கும் தரைக்கும் நடுவே 108 வோல்ட். கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன், எதிலும் பழுதில்லை. கடைசியில் சுவரில் செருகியிருந்த பிளக்கைத் திறந்தால், எர்த்துக்கான பச்சைக் கம்பி திருகிலிருந்து கழன்று கிடந்தது. கருவிகளின் பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் அறுந்தால் அவை பாடியை ஏறக்குறைய பாதி மின்னழுத்தத்தில் நிறுத்திவிடும். நான்கு டயரும் ரப்பர். தரையில் நின்று வண்டியைத் தொடுபவர்தான் எர்த் ஆகிறார். அன்று கசிந்தது மிகச் சொற்பம். அதே நிலையில் ஒரு பேஸ் கம்பி தோலுரிந்து தகரத்தில் பட்டிருந்தால், கைப்பிடியில் முழு 230 வோல்ட் இருந்திருக்கும்.

அப்போது 16 ஆம்பியர் எம்சிபி, அதாவது அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் துண்டிக்கும் சுவிட்ச், காப்பாற்றாது. உடலில் 0.2 ஆம்பியர் பாய்ந்தாலே உயிர் போகலாம். எம்சிபிக்கு அது ஒரு சுமையே அல்ல. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் கசிந்தாலே துண்டிக்கும் சுவிட்ச், வேண்டும், அதுவும் இரண்டு இடத்தில். வண்டிக்குள் இருப்பது அதற்குப் பின்னால் உள்ள கம்பிகளைத்தான் காக்கும். வெளியே மழையில் கிடக்கும் கேபிளுக்கு ஷெட் சுவரில் இன்னொன்று தேவை. ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் சுவிட்ச் விழுகிறதே என்று எர்த்தைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். எர்த் கம்பியே இல்லாவிட்டாலும் அந்தப் பட்டன் வேலை செய்யும்.

ஐரோப்பாவின் ஈஎன் 1789 தரத்தில் இதற்கெல்லாம் விதி உண்டு: 30 மில்லி ஆம்பியர் கசிவுக் காப்பு அல்லது வெளி மின்சாரத்தோடு நேரடி இணைப்பில்லாமல் தனிப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர், வெளி பிளக் செருகியிருக்கும்போது எஞ்சின் கிளம்பக் கூடாது, அல்லது பிளக் தானாகக் கழல வேண்டும், 12 வோல்ட் பிளக் 230 வோல்ட் சாக்கெட்டில் நுழையவே கூடாது. நம் நாட்டில் ஆம்புலன்ஸுக்கான தரம் ஏஐஎஸ் 125. வேலையைக் கொடுக்கும்போதே அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இனி இன்வெர்ட்டர். வீட்டு மின்சாரம் போலச் சுத்தமான சைன் அலை தருவதாக இருக்கட்டும். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வேண்டும். அவுட்புட் பாடியோடு இணையாமல் மிதக்கிறதா என்று கேளுங்கள். மிதந்தால் கசியும் மின்சாரம் திரும்ப வழியில்லை, ஆர்சிசிபி கண்டுகொள்ளாது. முதல் பழுது சத்தமில்லாமல் தங்கிவிடும், இரண்டாவதில்தான் ஆளை அடிக்கும். அப்படி மிதக்கும் இன்வெர்ட்டருக்கு, கம்பிகளின் காப்புத்தன்மையை (இன்சுலேஷனை) கண்காணித்து எச்சரிக்கும் கருவிதான் பொருத்தம்.

சாக்கெட்டில் யாராவது 1500 வாட் கெட்டிலைச் செருகினால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதைத் தவிர்க்க, உறிஞ்சு கருவிக்கும் வென்டிலேட்டருக்கும் உரிய சாக்கெட்டுகளின் மேல் அவற்றின் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.