முகத்துவாரமும் ஓங்கில்களும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

மட்டக்களப்பு வாவியைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறவன் நான். ஊர் கல்லடி. என் மச்சான் அயர்லாந்தில், லிமெரிக்கில் இருக்கிறார். அங்கே ஷானன் ஆறு கடலோடு சேரும் கழிமுகத்தில் டொல்பின்கள் கூட்டமாய் வாழ்கின்றனவாம். அதே கழிமுகத்தில், கடலில் ஆபத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போகும் படகில், வேறு வேலை பார்க்கும் சாதாரண ஆட்கள் தொண்டர்களாகப் பயிற்சி எடுக்கிறார்களாம். நமக்கும் வாவி இருக்கிறது, முகத்துவாரம் இருக்கிறது. நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு பைபர் போட் வாங்கலாம் என்றிருக்கிறோம். டொல்பின் காட்டிக் கொஞ்சம் உழைத்துக்கொண்டு, அந்தக் காசில் பெடியன்களுக்குப் பயிற்சியும் கொடுக்கலாம் என்று யோசனை. சரிவருமா?

வாசகர், கல்லடி

அன்புள்ள தம்பி,

சரிவரும். ஆனால் நீங்கள் சொன்ன வரிசையில் வராது.

டொல்பினுக்கு நம் தமிழில் ஓங்கில் என்று பெயர். உங்கள் மச்சான் சொன்னவை போத்தல்மூக்கு ஓங்கில்கள். ஷானன் கழிமுகத்திலேயே குடியிருக்கும் கூட்டம் அது. அதனால்தான் கரையோர ஊர்களிலிருந்து போட் எடுத்துப் போய்க் காட்டிவிட்டு வர முடிகிறது. நம் கிழக்குக் கடலில் நூற்றுக்கணக்காய்ச் சேர்ந்து, உடம்பைப் பம்பரமாய்ச் சுழற்றிக்கொண்டு குதிக்கிறதே, அது வேறு இனம். ஆழக்கடலை ஒட்டித் திரிவது. வாவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முகத்துவாரத்தில் டொல்பின் என்று போர்ட் வைத்தீர்கள் என்றால் முதல் கிழமையே காசைத் திருப்பிக் கேட்பார்கள்.

இன்னொரு சிக்கல், உங்களுக்கே தெரிந்ததுதான். கடல் அமைதியாய் இருப்பது சித்திரையிலிருந்து புரட்டாதி வரை. அந்த மாதங்களில்தான் பாலமீன்மடுப் பக்கம் மணல் ஏறி வாவியின் வாய் மூடிக்கொள்ளும், இல்லாவிட்டால் முழங்காலளவு தண்ணீரில் கிடக்கும். மாரியில் வாய் திறக்கும். அப்போது வாவித் தண்ணீர் வெளியே பாய, வாடைக்காற்றில் கடல் உள்ளே தள்ள, இரண்டும் மோதும் இடத்தில் அலை செங்குத்தாய் எழும்பும். போகக்கூடிய காலத்தில் வாசல் இல்லை, வாசல் இருக்கும் காலத்தில் போக முடியாது. அயர்லாந்துத் திட்டத்தை இங்கே அப்படியே இறக்க முடியாது என்பது இதனால்தான்.

அப்புறம் எதற்குச் சரிவரும் என்கிறேன்? பயிற்சிக்காக. ஷானன் கரையில் கில்ரஷ் என்ற ஊரில் இருக்கும் மீட்புப் படகு ஆர்.என்.எல்.ஐ. என்ற அமைப்பினுடையது. 1824இல் தொடங்கியது, இன்றைக்கும் பெரும்பாலும் தொண்டர்களாலேயே ஓடுகிறது. கடலைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள்தான் அதில் அதிகம். அழைப்பு வந்தால் கடையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். நம் பக்கத்தில் 2004 சுனாமிக்குப் பிறகு, எனக்குத் தெரிந்த எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளைக் கடற்கரைக்கே விடவில்லை. நாவலடியை நினைத்தால் அந்தத் தாய்மாரைக் குறை சொல்ல வாய் வராது. ஆனால் வாவிக்கும் கடலுக்கும் நடுவே வீடு கட்டியிருக்கும் ஊரில் நீந்தத் தெரியாத இருபது வயதுக்காரர்கள் இருப்பது எனக்குப் பயமாய் இருக்கிறது.

ஆகவே நீச்சல் முதல். மறுகா போட்.

போட்டில் என்ன பழக்குவது? இஞ்சினில் ஒரு சிவப்புக் கயிறு சுருண்டு தொங்கும். ஓட்டுகிறவர் கையிலோ காலிலோ அதை மாட்டிக்கொள்ள வேண்டும். ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு இஞ்சின் நின்றுவிடும். நம் ஆட்கள் பலர் அதை இஞ்சினிலேயே சுற்றிக் கட்டிவைத்திருப்பார்கள், இடைஞ்சலாம். அடுத்தது, இஞ்சின் பக்கவாட்டில் மெல்லிசாய்ப் பீச்சும் தண்ணீர். அது நின்றால் இஞ்சின் சூடேறுகிறது என்று அர்த்தம். ஒருமுறை நான் அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே ஓட்டி, வாவி நடுவில் நின்றுபோய், கல்லடிப் பாலத்தைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் வெயிலில் காய்ந்தேன். தண்ணீர் உறிஞ்சும் ஓட்டையை ஒரு சொப்பிங் பேக் அடைத்திருந்தது.

விழுந்த ஆளை எடுக்கப் பழகுவதற்கு உரிக்காத தேங்காய் ஒன்று போதும். தண்ணீரில் போட்டால் மனிதத் தலை அளவுதான் தெரியும். ஒருவர் வேறெந்த வேலையும் செய்யாமல் அதை நோக்கி விரலை நீட்டியபடியே இருக்க வேண்டும். சின்ன அலையிலும் கண்ணை எடுத்தால் தேங்காய் காணாமல் போகும், பழகிப் பார்த்தால் தெரியும். போட்டை விழுந்த பக்கமாகவே திருப்ப வேண்டும். அப்போதுதான் பின்பக்கம் எதிர்ப்பக்கம் விலகி, புரொப்பெலர் ஆளைவிட்டுத் தள்ளிப்போகும். கிட்ட வந்ததும் கியரை எடுத்துவிட வேண்டும். எல்லாரும் பிழைவிடும் இடம் இதுதான், அவசரத்தில் கை முறுக்கிக்கொண்டே இருக்கும்.

அலை கடந்து கரைக்கு வருவதை நான் சொல்லித்தர முடியாது. அதற்குக் கடலுக்குப் போகும் மாமாமார் ஒருவரைப் பிடியுங்கள். அலையின் முதுகிலேயே வர வேண்டும், அதை முந்தினால் போட்டின் முன்பக்கம், அதாவது அணியம், தண்ணீரில் குத்திப் போட் குறுக்கே திரும்பிவிடும் என்று எனக்கும் வாயால் சொல்லத் தெரியும். எந்த அலையின் முதுகு என்பது அவருக்குத்தான் தெரியும்.

போட் பதிவு, ஆட்களை ஏற்றுவதற்கான அனுமதி எல்லாம் உரிய திணைக்களங்களில் கேட்டு முடியுங்கள்.

ஓங்கில் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில் காசு கொடுத்துப் பார்க்கப் போனேன். கூட்டம் தெரிந்ததும் ஆறேழு போட்டுகள் நாலாபக்கமும் சுற்றி வளைத்து நடுவில் புகுந்தன. எங்கள் போட்டில் ஒரு சின்னப் பிள்ளை கைதட்டியது. ஓங்கில்கள் முங்கிவிட்டன. தூரத்தில் எழும்பின, மறுபடி துரத்தினோம். அவை இரவெல்லாம் ஆழத்திலிருந்து மேலே வரும் சின்ன மீனும் கணவாயும் தேடித் தின்றுவிட்டுப் பகலில் இளைப்பாறுகிறவை என்பதைப் பிறகுதான் வாசித்தேன். நாங்கள் காசு கொடுத்து அவற்றின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறோம். சட்டப்படியும் அவை பாதுகாக்கப்பட்ட உயிர்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, அவை போகும் திசைக்குப் பக்கவாட்டில் கொஞ்ச நேரம் மெல்லப் போய், பிறகு சும்மா நிற்பது. விருப்பமிருந்தால் அவையே வந்து அணியத்தடியில் நீந்தும். இல்லாவிட்டால் இல்லை. தேங்காயருகே கியரை எடுக்கப் பழகிய கைக்கு இது சிரமமே இல்லை. அதனால்தான் பயிற்சியை முதலில் வைக்கச் சொல்கிறேன், ஓங்கில் இரண்டு மூன்று வருடம் பொறுக்கட்டும்.

சித்திரை வருடப்பிறப்பு முடிந்த முதல் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பழைய பாலத்தடிக்கு வாருங்கள். பத்துப் பேரும் வேண்டாம், நீந்தத் தெரிந்த நாலு பேர் போதும். தேங்காய் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்