‘கோ’ கூட்டிக்கொண்ட பிள்ளை

கேள்வி: நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேரன், ‘கோ’ என்ற ஆங்கில வினைக்கு இறந்தகாலம் ஜி-ஓ-இ-டி என்று எழுதி, சிவப்பு மைச் சுழியோடு வந்து நின்றான். ‘மக்கு’ என்று திட்டிவிட்டேன். ஆனாலும், கோ எங்கே, வென்ட் எங்கே? வெள்ளைக்காரனுக்கு இலக்கணமே கிடையாதா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: திட்டு வாங்க வேண்டியவன் பேரன் இல்லை, ஆச்சி. வாக்-வாக்ட், ஜம்ப்-ஜம்ப்ட் என்று படித்ததைப் புதுச் சொல்லுக்கும் பூட்டிப் பார்த்திருக்கிறான். மக்குக்கு அது வராது.

‘கோ’ வீட்டில் இறந்தகாலத்துக்கு வாரிசு இல்லை. பிள்ளை கூட்டித்தான், அதாவது தத்தெடுத்துத்தான், வம்சம் ஓடுகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘எயோடெ’ என்று ஒன்று இருந்தது. அதுவும் வேற்று வேரில் பிறந்ததுதான். அது வழக்கொழியவே, ‘வெண்டு’ என்ற வினையின் வாசலில் போய் நின்றார்கள். வெண்டு என்றால் முதலில் ‘திருப்பு’; வழியைத் திருப்பி நடப்பது என்றாகி, கடைசியில் ‘போ’ என்றே ஆயிற்று. அதன் இறந்தகாலம்தான் வென்ட். செண்டு-சென்ட், லெண்டு-லென்ட் எல்லாம் அதே வாய்ப்பாடு. (லெண்டு என்றால் கடன் கொடு. பர்மா வரை போய் வட்டிக்கடை வைத்த சீமைக்கு அதை நான் விளக்க வேண்டாம்.) 1500 வாக்கில் கூட்டல் முடிந்துவிட்டது. நகரத்தார் வழக்கப்படி ஒரே கோயில் பங்காளிக்குள் பார்த்துக் கூட்டுவீர்கள். ஆங்கிலம் அதெல்லாம் பார்க்கவில்லை. பிள்ளையைக் கொடுத்த வெண்டு, ‘வெண்டட்’ என்று தனக்குப் புதிதாக ஒன்றைச் செய்துகொண்டு, எங்கோ ஓரிரு தொடர்களில் ஒண்டிக் கிடக்கிறது.

ஸ்காட்லாந்துக்காரர்கள் மட்டும் மசியவில்லை. அவர்கள் பேச்சில் போவது ‘கே’, போனது ‘கேட்’. உங்கள் பேரன் எழுதியதற்கு அது உடன்பிறப்பு!

இலக்கணம் கிடையாதா என்று கேட்கிறீர்கள். நம் தமிழ் மட்டும் என்னவாம்? ஆடினான், பாடினான், ஓடினான் என்று ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, ‘சா’ என்றதும் ‘செத்தான்’ என்கிறது. ‘சாவினான்’ என்று நீங்கள் சொல்வதில்லையே. யார் சுழி போட்டுத் திருத்தினார்கள்?

பரீட்சையில் வென்ட் என்றே எழுதட்டும், மார்க் முக்கியம். அந்த ‘மக்கு’வை மட்டும் இன்று சாயங்காலமே வாபஸ் வாங்கிவிடுங்கள்.