ஸென் ஆர்கேட் ஏன் அப்படி ஒலிக்கிறது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1980களின் அமெரிக்க பங்க், ஆல்டர்னேட்டிவ் ராக் ஆல்பங்களில் உங்களுக்குப் பிடித்தவற்றின் பட்டியலைப் பார்த்தேன். நிர்வாணா குழுவின் பாட்டுகளைக் கேட்டுக் கிதார் பக்கம் வந்தவன் நான். உங்கள் பட்டியலில் முதலில் இருந்த, ஹஸ்கர் டூ குழுவின் ‘ஸென் ஆர்கேட்’டைப் போட்டேன். எட்டாவது பாட்டைத் தாண்ட முடியவில்லை. கிதார் தகரத்தை உரசுவது போல இருக்கிறது. பேஸ் கிதார் இருப்பதே தெரியவில்லை. பாடுபவர் பக்கத்து அறையில் நின்று கத்துகிறார். ரெக்கார்டிங் மோசமாக இருப்பதைத்தான் நேர்மை என்று கொண்டாடுகிறோமா? அல்லது எனக்குக் கேட்கத் தெரியவில்லையா?

இன்னொன்று. என்னிடம் 15 வாட் பிராக்டிஸ் ஆம்ப் ஒன்றும் ஒரு டிஸ்டார்ஷன் பெடலும் இருக்கின்றன. இந்த ஆல்பங்களின் சத்தத்தை வீட்டில் கொண்டுவர முடியுமா? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

கே.,
ஈரோடு

அன்புள்ள கே.,

உங்கள் காதில் கோளாறு இல்லை. நீங்கள் சொன்ன மூன்றும் அந்த ஆல்பத்தில் இருப்பவைதான். ஆனால் மூன்றுக்கும் ஒரே காரணம் இல்லை. மோசமான ரெக்கார்டிங் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் எது பணமில்லாததால் வந்தது, எது வேண்டுமென்றே செய்தது என்பது தெரியாமல் போய்விடும். இந்த ஆல்பங்கள் மேல் எனக்கு இருக்கும் பிரியமே அதைப் பிரித்துக் கேட்பதில்தான் தொடங்குகிறது.

முதலில் பணம். ஸென் ஆர்கேட் 1983 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ரெடோண்டோ பீச்சில் டோட்டல் ஆக்சஸ் என்ற ஸ்டுடியோவில் பதிவானது. 23 பாட்டு, 70 நிமிடம், இரண்டு எல்பி. பதிவும் மிக்ஸிங்கும் சேர்த்து 85 மணி நேரம், செலவு 3200 டாலர். இரண்டு பாட்டுகள் தவிர மற்றதெல்லாம் முதல் டேக், அதாவது முதல் முறை வாசித்ததே. குரல் பக்கத்து அறையில் இருப்பது இதனால்தான். ஒவ்வொரு பாட்டிலும் குரலை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று உட்கார்ந்து பார்க்க நேரம் கிடையாது. 70 நிமிட இசையை மிக்ஸ் செய்யக் கையில் இருந்தது ஏறத்தாழ இரண்டு நாள். இது குறைதான். குறை என்றே சொல்லலாம், அதில் தவறில்லை.

கிதார் விஷயம் வேறு. ஹஸ்கர் டூவின் கிதார்காரர் பாப் மோல்ட் அந்தக் காலத்தில் வாசித்தது ஃப்ளையிங் வி வடிவத்தில் ஐபனேஸ் செய்த ராக்கெட் ரோல். பெடல் எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் ப்ளஸ். மஞ்சள் டப்பா, மேலே இரண்டே குமிழ்கள்: அவுட்புட், டிஸ்டார்ஷன். டோன் குமிழ் கிடையாது. அந்த மின்சுற்றைத் திறந்து பார்த்தால் தகரச் சத்தத்தின் காரணம் உள்ளேயே இருக்கிறது. பெருக்கத்தைத் தீர்மானிக்கும் பாதையில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபேரட் கெபாசிட்டரும் தொடராக நிற்கின்றன. டிஸ்டார்ஷன் குமிழ் இவற்றோடு சேர்ந்த ஒரு மாறும் ரெசிஸ்டர். குமிழைக் குறைவாக வைத்தால் ஏறக்குறைய எல்லா ஸ்வரமும் ஒரே அளவு பெருகும். முழுக்கத் திருப்பினால் சுமார் 720 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பது மட்டும் முழு அளவு பெருகும், கீழே போகப் போகப் பெருக்கம் குறையும். கிதாரின் தடித்த கம்பி ஒலிப்பது 82 ஹெர்ட்ஸில். அதாவது டிஸ்டார்ஷனைக் கூட்டக் கூட்ட அந்தப் பெடல் கீழ்ச் சத்தத்தைக் கழித்துக்கொண்டே வருகிறது. மோல்ட் அதை நிறையக் கூட்டி வாசித்தவர்.

அது ஏன் நல்ல முடிவு என்பது அவர் கார்டு பிடிக்கும் விதத்தில் தெரியும். கீழே பவர் கார்டு (இரண்டே ஸ்வரம் உள்ள கார்டு), மேலே ஒன்றிரண்டு கம்பிகள் திறந்தபடி இடைவிடாமல் ரீங்கரிக்கும். அடிச் சத்தம் கனமாக இருந்தால் இந்த ரீங்காரம் முழுக்க மூழ்கிப்போகும். மூன்று பேர் மட்டுமே உள்ள இசைக்குழுவில் இரண்டாவது கிதார் வாசிப்பது போன்ற பிரமையைத் தருவது அந்த மேல் கம்பிகள்தான்.

உங்கள் ஆம்பில் இதைச் செய்து பார்க்கலாம். பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள பிக்கப்பைப் போடுங்கள், ஹம்பக்கராக (இரட்டைச் சுருள் பிக்கப்) இருந்தால் நல்லது. ஆம்ப் க்ளீனில் இருக்கட்டும். பேஸ் 3, மிட் 5, ட்ரெபிள் 7. பெடலில் டிஸ்டார்ஷன் முக்கால்வாசிக்கு மேல். ஐந்தாம் ஃப்ரெட்டில் ஏ பவர் கார்டை 6, 5, 4-ஆம் கம்பிகளில் பிடியுங்கள். மூன்றாம் கம்பியை விரல் நுனியால் தொட்டு ஊமையாக்குங்கள். பி, ஈ இரண்டையும் திறந்துவிட்டு எல்லாவற்றையும் வேகமாக மேலும் கீழும் அடியுங்கள். பிடியைக் கலைக்காமல் பத்தாம் ஃப்ரெட்டுக்கும் ஏழாம் ஃப்ரெட்டுக்கும் நகருங்கள். மேலே இரண்டு ஸ்வரமும் நிலையாக நிற்க, கீழே கார்டு மாறும். பெரும்பாலும் கெடுவது சுருதியில்தான். க்ளீனில் காதுக்கே தெரியாத சிறிய விலகல்கூட டிஸ்டார்ஷனில் ‘வாவ் வாவ்’ என்று அடிக்கும். ட்யூனரில் பார்த்துவிட்டு, கார்டைப் பிடித்த நிலையிலும் ஒருமுறை சரிபாருங்கள். ஃப்ரெட்டில் அதிகமாக அழுத்தினாலே கம்பி மேலேறிவிடும்.

பேஸ் தெரியவில்லை என்றீர்களே, அது மிக்ஸில் ஒடுங்கிப்போனது. கேட்கும் கருவியில் 100 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் ஏற்றினால் பேஸ் வாசித்த கிரெக் நார்ட்டன் வெளியே வருவார். அதற்கு மேல் ஏற்றினால் டிரம்ஸின் உதை குழம்பிவிடும்.

நீங்கள் எட்டாவது பாட்டில் நின்றதும் தற்செயல் அல்ல. எல்பியில் அங்கேதான் இரண்டாம் பக்கம் தொடங்குகிறது. வீட்டை விட்டு ஓடும் ஒரு பையனின் கதையில் ஆகக் கரடுமுரடான பகுதி அது. மூன்றாம் பக்கத்தில் பியானோத் துணுக்குகளும் டிரம்மர் கிராண்ட் ஹார்ட் எழுதிய ‘பிங்க் டர்ன்ஸ் டு ப்ளூ’வும் காத்திருக்கின்றன. அதைக் கேட்காமல் இந்த ஆல்பத்தைத் தள்ளிவைத்துவிடாதீர்கள். 70 நிமிடத்தையும் ஒரே மூச்சில் கேட்கவும் வேண்டாம். நான்கு பக்கத்தையும் நான்கு முறையாகக் கேளுங்கள். ஷஃபிள் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். கடைசிப் பாட்டு கிட்டத்தட்ட 14 நிமிடம், வரியே இல்லாதது. அதன் ஒரு துண்டு முதல் பக்கத்திலேயே தலைகீழாக ஓடுகிறது. வரிசை கலைந்தால் இந்த உறவு புரியாது.

இதற்கு நேர் எதிரான கிதாருக்கு மினிட்மென் குழு. கலிஃபோர்னியாவின் சான் பீட்ரோ துறைமுகத்துப் பையன்கள். 1983 நவம்பரில் ஓர் ஆல்பத்துக்கான பாட்டுகளைப் பதித்து முடித்திருந்தார்கள். ஹஸ்கர் டூ இரட்டை ஆல்பம் செய்திருப்பது தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்து எழுதி, 1984 ஏப்ரலில் மிச்சத்தைப் பதித்தார்கள். ‘டபுள் நிக்கல்ஸ் ஆன் த டைம்’ அப்படித்தான் 45 பாட்டு ஆனது. செலவு 1100 டாலர். இரண்டு இரட்டை ஆல்பங்களும் 1984 ஜூலையில் எஸ்எஸ்டி என்ற ஒரே கம்பெனியிலிருந்து வந்தன. (எஸ்எஸ்டியின் விரிவு சாலிட் ஸ்டேட் ட்யூனர்ஸ். பிளாக் ஃப்ளாக் குழுவின் கிதார்காரர் கிரெக் ஜின் சிறுவனாக ஹாம் ரேடியோச் சாமான் விற்ற தபால் வியாபாரத்தின் பெயர் அது. ஸென் ஆர்கேடை முதல் தடவை 5000 பிரதிக்கு மேல் அடிக்க அவர்களுக்குத் துணிவில்லை. இசைக்குழு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது கடைகளில் சரக்கு தீர்ந்துவிட்டது.)

மினிட்மென்னின் கிதார்காரர் டி. பூனின் கிதாரில் அடிச் சத்தம் என்பதே இல்லை. டிஸ்டார்ஷனும் கிட்டத்தட்ட இல்லை. இது முழுக்க முழுக்க வேண்டுமென்றே செய்தது. கிதார் எல்லாவற்றையும் அமுக்கி மேலே ஏறி உட்காருவது அவருக்கு அதிகாரமாகத் தெரிந்தது. அதனால் ட்ரெபிளைத் தூக்கி, கீழ்ப் பகுதி முழுவதையும் குழுவில் பேஸ் வாசித்த மைக் வாட்டுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். கேட்கும்போது பேஸை மெட்டாகவும் கிதாரைத் தாளமாகவும் வைத்துக் கேளுங்கள், எல்லாம் இடத்தில் வந்து உட்காரும். ‘கரோனா’வை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள், ‘ஜாக்ஆஸ்’ நிகழ்ச்சியின் தொடக்க இசை அதுதான். ஆம்பில் பேஸ் 0, ட்ரெபிள் 9, கெய்ன் (பெருக்கம்) மிகக் குறைவு. தனியாக வாசித்தால் காது கூசும். அதைக் கண்டு ட்ரெபிளைக் குறைக்காதீர்கள், ஒரு பேஸ் வாசிப்பவரைப் பிடியுங்கள். இந்தச் சத்தம் ஒருவருக்கானதல்ல. 1985 டிசம்பர் 22-ஆம் தேதி வேன் விபத்தில் பூன் இறந்தபோது வயது 27. அவரைப் போல இன்னொரு கிதாரை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

சிக்கனமாகச் செய்தால் ஒல்லியாகத்தான் ஒலிக்கும் என்று முடிவுகட்ட வேண்டாம். பிக்சீஸ் குழுவின் ‘சர்ஃபர் ரோசா’ 1987 டிசம்பரில் பாஸ்டனில் பத்து நாளில் முடிந்தது. பதிவு செய்த ஸ்டீவ் அல்பினி 1500 டாலர் கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார், ராயல்டி வேண்டாம் என்றார். ஆனால் ‘போன் மெஷின்’ தொடங்கும்போது டிரம்ஸ் உங்கள் அறைக்குள்ளேயே வைத்தது போல விழும். காரணம் மைக் இருக்கும் தூரம். டிரம்ஸுக்கு அருகில் வைத்த மைக்குகளோடு அறையின் சத்தத்தைப் பிடிக்கத் தள்ளியும் மைக் வைப்பது அவர் முறை. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி செகண்ட் ஆகும். தொலைவில் உள்ள மைக்குக்கு அடி கொஞ்சம் தாமதமாக, சுவர்களில் பட்டு வந்து சேர்கிறது. அந்தத் தாமதத்தைத்தான் காது ‘பெரிய அறை’ என்று புரிந்துகொள்கிறது. பிக்சீஸில் பேஸ் வாசித்துப் பாடிய கிம் டீலின் குரல் சிலவற்றை ஸ்டுடியோவின் கான்கிரீட் குளியலறையில் வைத்தே பதித்தார்கள். ‘ஜைகான்டிக்’கில் அந்த எதிரொலியைக் கேட்கலாம், எந்த எஃபெக்டும் அதைத் தராது. 1993-இல் நிர்வாணாவின் ‘இன் யூட்டரோ’வைப் பதித்ததும் இதே அல்பினி. ‘சென்ட்லெஸ் அப்ரென்டிஸ்’ தொடக்க டிரம்ஸையும் ‘போன் மெஷின்’ தொடக்கத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். வீட்டில் ஃபோனில் பதிவு செய்யும்போது ஆம்பின் வாய்க்கு எதிரே வைக்காமல் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். மெத்தையும் திரையும் உள்ள அறை உதவாது. சிமெண்ட் தரை உள்ள கூடம் வேண்டும்.

சானிக் யூத் குழுவின் ‘டேட்ரீம் நேஷன்’ (1988) உங்கள் கிதாருக்கு ஆபத்தானது, அதனால் ஓர் எச்சரிக்கை. ‘டீன் ஏஜ் ரயட்’டின் சுருதி தடித்த கம்பியிலிருந்து ஜி, ஏ, பி, டி, ஈ, ஜி. வழக்கமான கம்பியிலேயே ஆறாவதை ஈ-யிலிருந்து ஜி-க்கு முறுக்கினால் இழுவிசை 41 சதவீதம் கூடும், கழுத்து வளையும். 46 தடிமன் (அங்குலத்தில் ஆயிரத்தில் 46 பங்கு) கம்பியைக் கழற்றிவிட்டு 9-42 செட்டில் வரும் 42-ஐ அங்கே போடுங்கள். கீழே இறக்கும் கம்பிகள் தொளதொளத்து ஃப்ரெட்டில் இரைந்தால் அங்கே ஒரு படி தடித்த கம்பி போட வேண்டும். தொடக்கத்தில் அவர்களிடம் இருந்தவை சாதாரணச் சுருதியில் நல்ல சத்தம் தராத மலிவுக் கிதார்கள். ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு சுருதிக்கு முறுக்கி, அந்தப் பாட்டுக்கென்றே ஒதுக்கினார்கள். உங்களிடம் ஒரே கிதார் இருந்தால் இதற்காக அதைக் கெடுக்காதீர்கள், பழையது ஒன்று கிடைக்கட்டும்.

பிளாக் ஃப்ளாக்கில் ‘டேமேஜ்ட்’ எல்லோரும் சொல்வது. எனக்கு 1984-இன் ‘மை வார்’, அதிலும் இரண்டாம் பக்கம். ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல் ஊர்ந்து போகும் மூன்றே பாட்டுகள். வேகத்துக்குப் பேர் போன குழு அப்படி மெதுவாக வாசித்தது அன்றைய ரசிகர்கள் பலருக்குப் பொறுக்கவில்லை. மெல்வின்ஸ் குழு அந்தப் பக்கத்திலிருந்துதான் முளைத்தது, மெல்வின்ஸ் பின்னாலேயே சுற்றியவர் நிர்வாணாவின் கர்ட் கோபேன்.

மிஷன் ஆஃப் பர்மா குழுவின் ‘வெர்சஸ்’ (1982) கேளுங்கள். நான்காவது ஆள் மார்ட்டின் ஸ்வோப் மேடையில் இல்லாமல் மிக்ஸர் பக்கம் உட்கார்ந்து, மற்றவர்கள் வாசிப்பதை டேப்பில் பிடித்துச் சுழற்றித் திரும்ப உள்ளே விடுவார். கிதார் வாசித்த ரோஜர் மில்லருக்குக் காதில் ஓயாத இரைச்சல் வந்து 1983-இல் குழுவே நின்றது. 15 வாட் ஆம்பும் சிறிய அறையில் காதைக் கெடுக்கும். காதடைப்பான் இல்லாமல் முழுச் சத்தத்தில் வாசிக்காதீர்கள்.

வரிசை கேட்டீர்கள். சர்ஃபர் ரோசா முதலில். அடுத்து மீட் பப்பட்ஸின் ‘மீட் பப்பட்ஸ் 2’ (1984). எம்டிவி அன்ப்ளக்ட் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நிர்வாணா பாடிய மூன்று பாட்டுகள் அதிலுள்ளவை, மெட்டு ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும். அப்புறம் டபுள் நிக்கல்ஸ், ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அதன் பிறகு ஸென் ஆர்கேடுக்குத் திரும்புங்கள், இந்த முறை மூன்றாம் பக்கத்தில் தொடங்கி.

அன்புடன்,
ஆசிரியர்