அத்தையை உட்கார வைத்துவிடாதீர்கள்

கேள்வி: என் மாமியாருக்கு 73 வயது. மேலூர் பக்கத்துக் கிராமத்தில் எங்களோடு இருக்கிறார். மூன்று மாதத்தில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். முதல் தடவை, விடியற்காலையில் கோலம் போட்டுவிட்டு எழுந்தபோது. அடுத்தது, ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூம் போகும்போது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. பிரஷருக்கு இரண்டு மாத்திரை, எட்டு வருடமாக சுகர் மாத்திரை, ராத்திரி ஒரு தூக்க மாத்திரை சாப்பிடுகிறார். என் வீட்டுக்காரர், "ஒரு இடத்துல உட்காரும்மா, இனி எந்த வேலையும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா விட்டமின் டி பாக்கெட் வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார். அத்தையோ சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்த்தே தீருவேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் ஒரு விஷயம். ராத்திரி விழுந்தபோது தலை இடித்ததா? எழுதவில்லை நீங்கள். இடித்திருந்தால், அன்றைக்கு நன்றாக இருந்தாலும் சில வாரம் கழித்துக்கூட மண்டைக்குள் மெதுவாக ரத்தம் சேரலாம். விடாத தலைவலி, வழக்கத்தை மீறிய தூக்கம், பேச்சில் குழப்பம், ஒரு பக்கக் கை கால் சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இந்தப் பதிலை முழுக்கப் படித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை எடுப்பவராக இருந்தால் இன்னும் கவனம் தேவை.

அது இல்லையென்றால், உங்கள் வீட்டுக்காரர் சொன்னதற்கு வருகிறேன். அம்மா மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார், புரிகிறது. ஆனால் நீங்கள் எழுதியதிலேயே எனக்கு அதிகம் பயம் தந்தது அந்த "ஒரு இடத்துல உட்காரும்மா" தான். 2007-ல் அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வு நடந்தது. நோய் எதுவும் இல்லாத, சராசரி 67 வயதுடைய 11 பேரைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். பத்தே நாளில் இரண்டு கால்களிலும் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போய்விட்டது. எனக்கு இதைப் படித்தா தெரிய வேண்டும்? என் அப்பா 76 வயதில் வழுக்கி விழுந்தபோது மூன்று வாரம் அசையாமல் படுங்கள் என்று சொன்னவன் நான்தான். எலும்பு உடையவே இல்லை. மூன்று வாரம் கழித்து அவரை எழுப்பி நிறுத்த இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் கால் போனது விழுந்ததால் இல்லை, படுத்ததால்.

சரி, ஏன் விழுந்தார்? "வயசாச்சு, கிறுகிறுப்பு வரத்தானே செய்யும்" என்று நாம் விட்டுவிடுகிறோம். உங்கள் கடிதத்திலேயே மூன்று நான்கு காரணம் ஒளிந்திருக்கிறது.

கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் தண்ணீர் குடிக்காத உடம்பு, வெறும் வயிறு. பத்துப் பதினைந்து நிமிடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று எழுகிறார். எழுந்ததும் ரத்தம் காலுக்கு இறங்கும். இளவயதில் இதயமும் ரத்தக்குழாயும் சீக்கிரமே அதைச் சரிக்கட்டிவிடும். வயதானவர்களுக்கு அது தாமதமாகும். பிரஷர் மாத்திரை சிலருக்கு அந்தத் தாமதத்தைக் கூட்டும். மூளைக்கு ரத்தம் குறைகிற அந்தச் சில விநாடிதான் கிறுகிறுப்பு. வீட்டில் பிரஷர் பார்க்கும் மெஷின் இருந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம். அத்தையை ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு தடவை பாருங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு தடவை. மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால் காரணம் கிடைத்துவிட்டது. அந்த எண்களைத் தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். கிளினிக்கில் பெரும்பாலும் உட்கார வைத்துத்தான் பிரஷர் பார்க்கிறோம் (நானும் கூட்டமான நாளில் அப்படித்தான்), அதனால் இது கண்ணில் படாமலே போகிறது. மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

அந்தக் காலை நேரத்துக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. சுகர் மாத்திரைகளில் சில வகை சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். ராத்திரி இரண்டு வாய் ரசஞ்சோறோடு படுத்துவிடுகிற ஆளாக இருந்தால் விடியற்காலையில் அது நடக்கலாம். கிறுகிறுப்பு வரும்போது குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழ் காட்டினால் உடனே கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு, டாக்டரிடம் சொல்லுங்கள். 73 வயதில் சுகரை இளைஞர்களுக்குப் போல இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல வருடமாக எடுப்பவர்களுக்கு விட்டமின் பி12 குறைவதும் உண்டு. "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு" என்று அத்தை சொல்லியிருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ராத்திரி விழுந்ததற்கு நான் முதலில் சந்தேகப்படுவது தூக்க மாத்திரையை. அல்பிரசோலம் மாதிரி மாத்திரைகள் முதியவர்கள் உடம்பில் வெகுநேரம் தங்கும். தூக்கக் கலக்கத்தோடு இரண்டு மணிக்கு எழுகிறவருக்குக் கால் எங்கே வைக்கிறோம் என்றே தெரியாது. எத்தனையோ பேர் என்றைக்கோ ஒரு டாக்டர் பத்து நாளுக்கு எழுதிக் கொடுத்த சீட்டை வைத்து மெடிக்கலில் வருடக்கணக்காக வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அத்தையும் அப்படித்தானா என்று பாருங்கள். ஆனால் இன்றைக்கே நிறுத்தினால் தூக்கம் கெட்டு, பதற்றம், நடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வரும். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக டாக்டர் குறைக்க வேண்டிய மாத்திரை அது. அடுத்த தடவை போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டு போய் மேஜையில் கொட்டுங்கள். சீட்டைவிட அந்தப் பை எங்களுக்கு அதிகம் சொல்லும். அப்புறம் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி எரிய ஒரு சின்ன விளக்கு, உள்ளே பிடித்து எழ சுவரில் ஒரு கம்பி, தேய்ந்த ரப்பர் செருப்புக்கு விடை. இதற்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

விட்டமின் டி பற்றி. குறை இருந்தால் சரிசெய்யத்தான் வேண்டும், பரிசோதித்துவிட்டு. ஆனால் "எலும்புக்கு நல்லது" என்று கடையில் வாங்கி அள்ளிக் கொடுப்பது வேறு. ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய 2,256 பெண்களை வைத்து ஓர் ஆய்வு. 2010-ல் முடிவு வந்தது. பாதிப் பேருக்கு வருடம் ஒரு முறை 5 லட்சம் யூனிட் விட்டமின் டி, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. விட்டமின் சாப்பிட்டவர்கள் குறைவாக விழுவார்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர்கள்தான் 15 சதவீதம் அதிகமாக விழுந்தார்கள், எலும்பும் அதிகம் முறிந்தது. நம் ஊரில் ஒரு பாக்கெட்டில் 60,000 யூனிட் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

விழுவதைக் குறைக்கும் என்று ஆய்வுகளில் தெளிவாக நின்றது உடற்பயிற்சிதான். 2019-ல் 108 ஆய்வுகளை, 23,000-க்கும் மேற்பட்ட முதியவர்களை, ஒன்றாக வைத்து அலசிய காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் சர்வதேச அமைப்பு) தொகுப்பின் கணக்குப்படி, 100 தடவை விழக்கூடிய இடத்தில் 77 தடவைதான் விழுந்தார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: வெறும் நடைப்பயிற்சி மட்டும் போதும் என்பதற்கு அதில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. தொடைக்கு வலு வேண்டும், தடுமாறினால் சமாளிக்கும் பழக்கம் வேண்டும். சுவரோரம் போட்ட நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்துத் தடவை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது. சுவரைத் தொட்டபடி, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் அடுத்த பாதத்தை வைத்துப் பத்து எட்டு. வாரத்தில் மூன்று நாள், நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது. சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் பலன் நின்றுவிடும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் உண்டு. ஊர் சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

எனக்கு ஒரு மனக்குறை: இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நாற்காலியிலேயே வாழ்ந்து பழகியவர்களை வைத்துச் செய்தவை. தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து, குத்துக்காலிட்டுக் கோலம் போட்டு எழுகிற நம் பெண்களை யாரும் அப்படி அளந்து பார்க்கவில்லை என்றே படுகிறது. அத்தைக்கு அந்தக் கோலமே ஒரு பயிற்சி. அதை நிறுத்தாதீர்கள். எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், பக்கத்தில் பிடிக்க ஒரு ஸ்டூல், போட்டு முடித்ததும் அந்த ஸ்டூலில் ஒரு நிமிடம், பிறகு எழுவது. தினமும் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேருங்கள், தசை ரசஞ்சோற்றில் வளராது.

கண்ணையும் பாருங்கள். 70 தாண்டிய பெண்களுக்கு முதல் கண்ணில் புரை நீக்கியதும் விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-ல் இங்கிலாந்து ஆய்வு ஒன்று காட்டியது. 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊர் மதுரை. இங்கே புரையோடு தடவி நடப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

இனி ஒருவேளை மறுபடி விழுந்து, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், எழ முடியாமல் போனால், எண்ணெய் தேய்ப்பது, கட்டுப் போடப் போவது எல்லாம் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். இடுப்பெலும்பு முறிவுக்கு ஓரிரு நாளில் ஆபரேஷன் நடந்தால்தான் சீக்கிரம் நடக்க வைக்க முடியும்.

அழகர்? கண்டிப்பாகப் போகட்டும். ஆற்றில் இறங்குகிற அன்று விடியற்காலை வைகைக்குள் வேண்டாம், அந்த நெரிசலில் எனக்கே கால் தரையில் பாவாது. நீங்கள் இருப்பது மேலூர் பக்கம்தானே, அழகர் கோவிலிலிருந்து மதுரைக்குக் கிளம்பி வரும் வழியில், கள்ளந்திரியிலோ அப்பன்திருப்பதியிலோ ஒரு மண்டகப்படி ஓரமாக நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அந்த நேரத்துக்கு உரிய பிரஷர், சுகர் மாத்திரைகளைக் கையோடு கொண்டு போங்கள், தண்ணீர் பாட்டிலும். அழகர் பக்கத்தில் வரும்போது மட்டும், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நிற்கச் சொல்லுங்கள்.