மாமியாரின் அண்டாவை யாருக்குக் கொடுப்பது?

கேள்வி: கேரளாவில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் ஊர். வயது 61. கணவர் தவறி ஒன்றரை வருஷம் ஆகிறது. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாச்சு. கோயம்புத்தூரில் மகனுடைய ஃபிளாட்டுக்குக் குடிபோகிறேன். மாமியார் காலத்து அண்டா, கலப்பை, கணவருடைய சட்டைகள், மொபெட், ஒரு தகரப்பெட்டி நிறையக் காகிதம் எல்லாம் கிடக்கின்றன. "பழைய இரும்புக்குப் போட்டுட்டு வாங்கம்மா" என்கிறான் மகன். எதை எடுத்தாலும் கை ஓட மாட்டேன் என்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: அம்மா, இதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம் என்று முதலில் மகனிடம் சொல்லிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு அலமாரி போதும். நினைவு அதிகம் ஒட்டாத பொருளில் தொடங்குங்கள். சட்டைகளும் தகரப்பெட்டியும் கடைசியில் வரட்டும்.

அண்டாவை ஏன் விட முடியவில்லை? அறுப்புக்கு வந்த ஆட்களுக்கெல்லாம் அதில் சோறாக்கிப் போட்டவர் நீங்கள். அது போனால் அந்த இடமும் மரியாதையும் சேர்ந்து போய்விடும் என்று மனசு பதறுகிறது. ஆனால் அந்த வேலை, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்ட அன்றே முடிந்துவிட்டது. உங்கள் துக்கம் அதற்கானது. அதற்காக அழுவதில் தப்பே இல்லை. அந்த வேலைக்கு விடை கொடுத்த பிறகு பாத்திரத்தைக் கொடுப்பது அவ்வளவு கனக்காது.

பித்தளையை எடைக்குப் போட்டால் பணம் வரும், ஆறுதல் வராது. பெரிய அண்டாவுக்கு இன்னும் வேலை இருக்கிற இடம் எது என்று பாருங்கள். அன்னதானம் நடக்கிற கோயிலாக இருக்கலாம், விசேஷங்களுக்குச் சமைக்கிற ஆளாக இருக்கலாம். வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். உள்ளே வெள்ளீயப் பூச்சு போயிருந்தால் மறுபடி பூசிக் கொடுங்கள். பூச்சில்லாத பித்தளையில் புளி, தயிர் சேர்த்தது ஆகாது. விளிம்பில் மாமியார் பெயர் வெட்டியிருந்தால் அழிக்காதீர்கள். அந்தப் பெயரோடு அது ஊருக்குச் சோறு போடட்டும்.

கலப்பையை இனி யாரும் பூட்டப் போவதில்லை. அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இது வெறும் சமாதானம் இல்லை. 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மாணவர் விடுதிகளில் பழைய பொருள் திரட்டினார்கள். நினைவுள்ள பொருளைப் படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள் என்று அறிவித்த விடுதிகளில் 613 பொருட்கள் சேர்ந்தன. சும்மா கொடுங்கள் என்று கேட்ட விடுதிகளில் 533. நாம் இழக்கப் பயப்படுவது பெரும்பாலும் நினைவைத்தான். படத்தோடு, அந்தக் கலப்பையை யார் செய்தது, எந்த மாடு பூட்டினார்கள் என்று ஃபோனில் பேசிப் பதிந்துவிட்டால் பேரப்பிள்ளைகளுக்கும் கிடைக்கும்.

சட்டைகளில் மனசுக்குப் பிடித்த ஒன்றிரண்டைக் கூடவே கொண்டுபோங்கள். இதில் யாருடைய பேச்சும் கேட்க வேண்டாம். நல்ல நிலையில் இருப்பதை உடுத்துகிறவர்களுக்குக் கொடுங்கள். கிழிந்த துணியை எந்த மாதம் எடுப்பார்கள் என்று வீட்டுக்கு வந்து குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மொபெட்டில் கவனம் தேவை. இறந்தவர் பெயரிலேயே ஆர்சி புத்தகம் இருக்க, வண்டியைத் தெரிந்தவருக்குக் கைமாற்றிவிட்டால், நாளை ஏதாவது விபத்து என்றால் வாரிசைத் தேடித்தான் வருவார்கள். உரிமையாளர் இறந்த 30 நாட்களுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும், 3 மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அந்தக் கெடு கடந்துவிட்டது. இருந்தாலும் தாமதக் கட்டணம் கட்டி, பெயரை மாற்றிவிட்டு விற்பதே நல்லது.

தகரப்பெட்டியில் மட்டும் தாராளம் காட்டாதீர்கள். உங்கள் ஊர் இருக்கும் சித்தூர் தாலூகா 1949 வரை கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. அந்தக் காலத்து முன் ஆதாரம் (பழைய நிலப் பத்திரம்), கரம் (நிலவரி) கட்டிய ரசீது, குத்தகைச் சீட்டு எதுவும் உங்கள் பெட்டியில் கிடக்கலாம். மலையாளத்தில் இருக்கிறது, மங்கிப்போச்சு என்று ஒன்றையும் கிழிக்காதீர்கள். ஆதாரம் எழுதுகிறவரிடமோ வக்கீலிடமோ காட்டி, வேண்டாம் என்று அவர் சொன்னதை மட்டும் கழியுங்கள். மிச்சப் பெட்டி உங்களோடு கோவைக்கு வரட்டும்.

இதற்கிடையில் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் போனால் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற இந்த அரசு மனநல உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.