தண்ணீர் ஏறாத பம்பு

கேள்வி: கிணற்றில் குழாய் இறக்கியும் பழைய தீயணைப்பு வண்டியில் தண்ணீர் ஏறாமல் போவது ஏன்?

பதில்: பெரும்பாலும் வாஷர்தான் காரணம். பிரைமர் (தொடக்கத்தில் காற்றை இழுத்தெடுக்கும் சிறு கருவி), குழாயிலுள்ள காற்றை வெளியேற்றியதும், வெளிக்காற்றின் அழுத்தமே தண்ணீரை மேலே தள்ளுகிறது. இணைப்பிலுள்ள ரப்பர் வாஷர் காய்ந்து, மயிரிழை அளவு வெடித்திருந்தாலும் காற்று புகுந்துவிடும்.

சோதிக்க, தண்ணீர் வெளியேறும் டெலிவரி வால்வுகளை அடைத்து, உறிஞ்சு வாய்க்கு மூடி போட்டு, பிரைமரை ஓட்டி நிறுத்துங்கள். வெற்றிட மானியில் ஏறிய முள் அசையாமல் நின்றால் பம்பில் கோளாறில்லை. குழாயை, வாஷரைப் பாருங்கள். மளமளவென்று இறங்கினால் பம்பில்தான் கசிவு. முதலில் கிளாண்டைப் (சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் அடைப்பு) பாருங்கள்.

குழாய் நுனியிலுள்ள வடிகட்டி நன்றாக முங்கியிருக்கட்டும். மேலாக நின்றால் சுழி விழுந்து காற்றை இழுக்கும். கணக்குப்படி 10.3 மீட்டர் ஏறலாம் என்றாலும், நடைமுறையில் 7, 8 மீட்டருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். புது வண்டிக்கும் இதே கணக்குதான்.