குளிர்கடலில் வகை குறைவா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கடலின் மிதவை உயிரிகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். துருவங்களை ஒட்டிய கடல்கள் மிக வளமானவை, திமிங்கிலங்கள் இரை தேடி அங்கேதான் போகின்றன என்று அதில் சொல்லியிருந்தீர்கள். ஆனால் நுண்ணுயிர் வகைகள் வெப்பக்கடல்களில்தான் அதிகம், துருவத்தை நோக்கிப் போகப் போகக் குறைந்துவிடும் என்று வேறோர் இடத்தில் வாசித்தேன். இரண்டும் எப்படிச் சரியாகும்?

இன்னொரு சந்தேகமும் உண்டு. கண்ணுக்கே தெரியாத இவற்றில் ஐம்பது வகை இருந்தால் என்ன, ஐந்நூறு வகை இருந்தால் என்ன? தின்னும் உயிருக்கு எல்லாம் ஒன்றுதானே? கடல் சூடானால் வெப்பக்கடல் வகைகள் துருவப் பக்கம் வந்து சேரும் என்கிறார்கள். அப்படியானால் குளிர்கடலில் வகை கூடத்தானே செய்யும்? அதில் வருந்த என்ன இருக்கிறது? தவறாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

மன்னிப்பெல்லாம் எதற்கு? கேட்க வேண்டிய கேள்விகளைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் படித்த இரண்டுமே சரி. ஒன்று அளவைப் பற்றியது, மற்றது வகையைப் பற்றியது. ஒரு வாளிக் கடல்நீரில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, அதில் எத்தனை இனங்கள் என்பது வேறு கேள்வி. குளிர்கடல் முதல் கேள்வியில் முந்துகிறது, இரண்டாவதில் பிந்துகிறது. இத்தோடு பதிலை முடித்துக்கொள்ளலாம். ஆனால் ‘பிந்துகிறது’ என்ற அந்தக் கணக்கைப் பலர் புரிந்துகொள்ளும் விதத்தில் எனக்கு வெகுநாளாக ஒரு மனக்குறை உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அளவு. 1889இல் ஜெர்மனியின் கீல் நகரப் பேராசிரியர் விக்டர் ஹென்சன் ‘நேஷனல்’ என்ற கப்பலில் ஒரு குழுவோடு அட்லாண்டிக்கைச் சுற்றிவந்தார். மிதவை உயிரிகளைக் குறிக்கும் பிளாங்டன் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். மெல்லிய பட்டு வலையை ஆழத்திலிருந்து நேராக மேலே இழுத்து, அதில் சிக்கியவற்றை எண்ணிக் கணக்கிடுவது அவருடைய முறை. வெயிலும் வெம்மையும் நிறைந்த வெப்பமண்டலக் கடலில்தான் உயிர் பொங்கும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. நிலத்தில் அப்படித்தானே இருக்கிறது. வலையில் வந்ததோ நேர்மாறு. வடக்கின் குளிர்நீரில் வலை கனத்தது, வெப்பக்கடலில் இளைத்தது.

ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கலுக்கு இந்த எண்ணும் முறையே பிடிக்கவில்லை. உலகக் கடல்களை ஆய்ந்துவந்த சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த மாதிரிகளிலிருந்து, ரேடியோலேரியா என்ற ஒற்றைச்செல் மிதவை உயிரிகளில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய இனங்களை விவரித்தவர் அவர். வடிவங்களின் வேறுபாட்டிலேயே ஊறியவர். மிதவை உயிரிகள் கடலில் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், சில இடங்களில் எண்ணிவிட்டு மொத்தக் கடலுக்கும் கணக்குச் சொல்ல முடியாது என்று 1890இல் ஹென்சனைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் இந்தச் சண்டைதான் நினைவுக்கு வந்தது. குளிர்நீரில் அளவு அதிகம் என்ற ஹென்சனின் முடிவு இன்றுவரை நிற்கிறது. திட்டுத்திட்டாக என்ற ஹெக்கலின் வாதமும் நிற்கிறது.

குளிர்நீர் ஏன் வளமானது? வெப்பக்கடலில் மேலே சூடான, லேசான நீர் ஒரு மூடிபோல ஆண்டு முழுக்கக் கிடக்கிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடியில் இருளில் தங்கிவிடுகின்றன. ஒளி மேலே, உரம் கீழே. குளிர்கடலில் குளிர்காலப் புயல்கள் நீரைக் கலக்கி உரத்தை மேலே கொண்டுவருகின்றன. வசந்தத்தில் வெளிச்சம் திரும்பும்போது எல்லாம் தயாராக இருக்கும். அப்புறம் சில வாரங்களில் கடலின் நிறமே மாறிவிடும்.

இனி வகை. 2009 முதல் 2013 வரை ‘தாரா’ என்ற பாய்மரக் கப்பல் உலகக் கடல்களில் நீர் எடுத்தது. கடைசி ஆண்டில் ஆர்க்டிக் பெருங்கடலையும் சுற்றிவந்தது. நுண்ணோக்கியோடு நிற்காமல், நீரில் உள்ள மரபணுத் தொடர்களையும் படித்தார்கள். 2019இல் அந்த ஆய்வுகள் வெளிவந்தபோது நீங்கள் வாசித்ததுதான் உறுதியானது. பெரும்பாலான மிதவைக் குழுக்களில், துருவத்தை நெருங்க நெருங்க வகை குறைகிறது. அதற்கு முக்கியக் காரணம் வெப்பநிலை. உலகின் ஒளிச்சேர்க்கை உயிர்களில் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருக்கும் புரோகுளோரோகாக்கஸ் என்ற நுண்பாக்டீரியா துருவ நீரில் அநேகமாக இல்லவே இல்லை. அது விட்ட இடத்தில் ஆர்க்டிக்கில் மைக்ரோமோனாஸ் என்ற மிகச்சிறிய பச்சைப்பாசி இருக்கிறது.

ஆனால் அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு ‘தாரா’ ஆய்வு வைரஸ்களைக் கணக்கெடுத்தது. கிட்டத்தட்ட 2 லட்சம் வகைகள் கிடைத்தன. அதில் ஆர்க்டிக் வகைமையின் ஒரு மையமாகவே தெரிந்தது, வெப்பக்கடல்களோடு சேர்த்துச் சொல்லும் அளவுக்கு. துருவம் என்றால் வறுமை என்ற பொதுவிதி அங்கே செல்லவில்லை.

சரி, என் மனக்குறைக்கு வருகிறேன். ஒருமுறை நீர் எடுத்து எண்ணினால் அந்த வாரத்தின் குளிர்கடல்தான் கிடைக்கும். வெப்பக்கடலில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் வித்தியாசம் குறைவு. குளிர்கடலிலோ ஒரே இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கடல்கள் வந்துபோகின்றன. அங்கே வகைமை இடத்தில் மட்டும் பரவியிருக்கவில்லை, காலத்திலும் பரவியிருக்கிறது. இதைச் சேர்க்காத எந்தக் கணக்கையும் முழுக்கணக்காக என்னால் ஏற்க முடிவதில்லை.

குளிர்காலத்தை எடுத்துக்கொள்வோம். கடல்நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரியில் உறைகிறது. உறையும்போது உப்பு வெளியே தள்ளப்பட்டு, பனிக்குள் முடிபோன்ற மெல்லிய கால்வாய்களில் தேங்குகிறது. கடுங்குளிரில் அந்த நீர் கடல்நீரைப்போல மூன்று நான்கு மடங்கு உப்பாக இருக்கும். அதற்குள்ளும் டயாட்டம்கள் வாழ்கின்றன. கண்ணாடி ஓடு கொண்ட ஒற்றைச்செல் பாசிகள் அவை. அவற்றில் ஒன்றான ஃப்ராஜிலாரியாப்சிஸ் சிலிண்ட்ரஸின் மரபணுத் தொகுதியை 2017இல் வெளியிட்டார்கள். பனிப்படிகம் வளரவிடாமல் பிடித்துநிறுத்தும் புரதங்கள் அதனிடம் இருக்கின்றன. அதைவிட என்னை ஈர்த்தது வேறொன்று. பொதுவாக ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள் இருக்கும் அல்லவா? இந்த உயிரின் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய கால்பங்கில் அந்த இரண்டு பிரதிகளும் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகிப்போயிருக்கின்றன. இருட்டு, உறைபனி, இரும்புப் பற்றாக்குறை என்று சூழல் மாறும்போது ஒரு பிரதி அடங்கி இன்னொன்று வேலை செய்கிறது. இனங்களை எண்ணும் பட்டியலில் இது ‘ஒன்று’. ஒரே செல்லுக்குள் இருக்கும் இந்த வகைமையை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மாதக்கணக்கான துருவ இரவில் எல்லாம் உறங்கிக்கிடக்கும் என்றுதான் முன்பு நினைத்தார்கள். நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக்கில் உள்ள ஸ்வால்பார்டு தீவுகளில் அந்த இருட்டில் எடுத்த நீருக்கு வெளிச்சம் காட்டியபோது, அதிலிருந்த பாசிகள் வெகு சீக்கிரமே ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிட்டன. வெளிச்சம் இல்லாத காலத்தில் சாட்டைபோன்ற இழையால் நீந்தும் சில கசையிழை உயிரிகள் பாக்டீரியாவைத் தின்று பிழைக்கின்றன. அதாவது கோடையில் தாவரமாகவும் குளிரில் விலங்காகவும் வாழ்கின்றன. மிதவை விலங்குகளோ சூரியன் இல்லாதபோது நிலவைப் பின்பற்றுகின்றன. நிலா உதிக்கும்போது ஆழத்துக்கு இறங்கி, மறையும்போது ஏறுகின்றன. 24 மணி நேரச் சுழற்சியை விட்டுவிட்டு, நிலவின் 24.8 மணி நேரத்துக்கு மாறிவிடுகின்றன. இதை 2016இல் ஆர்க்டிக் முழுவதும் வைத்த ஒலிக்கருவிகளின் பதிவுகளைக் கொண்டு காட்டினார்கள். இவ்வளவு சிறிய உயிர்கள் இவ்வளவு கூர்மையாக வானத்தைக் கவனிக்கின்றன என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

பிறகு வசந்தம். முதலில் பனிக்கடியில் ஒட்டியிருக்கும் பாசிகள். ஆர்க்டிக்கில் மெலோசிரா என்ற டயாட்டம் பனியின் அடிப்பக்கத்திலிருந்து மீட்டர்கணக்கில் நீண்ட இழைகளாகத் தொங்குகிறது. 2012இல் பனி பெரிய அளவில் உருகியபோது அந்த இழைகள் அறுந்து, 4 கிலோமீட்டர் ஆழத்தில் கடல்தரையில் குவியல் குவியலாகக் கிடந்ததை ‘போலார்ஸ்டெர்ன்’ என்ற ஜெர்மன் ஆய்வுக்கப்பலில் சென்றவர்கள் பார்த்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அலாஸ்காவுக்கு வடமேற்கே உள்ள சுக்சி கடலில் ஒரு மீட்டர் பருமனுள்ள பனிக்கடியில், பனி விளிம்பிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, பாசி பெருகிக்கிடந்ததைக் கண்டிருந்தார்கள். பனிக்கடியில் அப்படி ஒரு பெருக்கத்தை அதுவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. பனி விலகியதும் நீரில் மிதக்கும் டயாட்டம்களின் முறை வருகிறது. சிலிக்கா தீர்ந்ததும் அவை மூழ்க, ஃபியோசிஸ்டிஸ் போன்ற கசையிழைப் பாசிகள் தலையெடுக்கும். கோடை கடைசியில் மிகச்சிறியவை மிஞ்சும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, தின்பதற்கு எல்லாம் ஒன்றுதானே என்பது. ஒன்றில்லை. கலானஸ் என்ற துடுப்புக்காலிகளைப் பாருங்கள், இறாலுக்குத் தூரத்து உறவான மிதவை விலங்குகள் அவை. அரிசிமணி அளவு இருக்கும் அந்த உயிர்கள் வசந்தப் பெருக்கத்தைத் தின்று, உடலின் பெரும்பகுதியை மெழுகுக் கொழுப்பால் நிரப்பிக்கொண்டு, பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கி மாதக்கணக்கில் உறங்குகின்றன. வடக்கே மூன்று முக்கிய இனங்கள் இருக்கின்றன. கடுங்குளிரின் கலானஸ் ஹைப்பர்போரியஸ், பனியோரத்தின் கலானஸ் கிளேசியாலிஸ், தெற்கே அட்லாண்டிக் நீரின் கலானஸ் ஃபின்மார்க்கிகஸ். பழக்கப்பட்ட கண்ணுக்கே இவற்றைப் பிரித்தறிவது சிரமம். ஆனால் துருவ இனம் ஒன்றில் இருக்கும் கொழுப்பு, தெற்கத்திய இனத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. குஞ்சுக்கு இரை கொண்டுபோகும் லிட்டில் ஆக் என்ற சிறு கடற்பறவை, பெரிய துருவ இனம் கிடைக்காதபோது இன்னும் அதிகமாகப் பிடித்தாக வேண்டும், இன்னும் தூரம் பறந்தாக வேண்டும்.

பாசிகளிலும் இப்படித்தான். தென்துருவத்தின் ராஸ் கடலில் ஃபியோசிஸ்டிஸ் பெருகும் இடமும் டயாட்டம் பெருகும் இடமும் வேறுவேறு. அதே அளவு பாஸ்பேட்டைச் செலவழித்து ஃபியோசிஸ்டிஸ் டயாட்டமைவிட அதிகக் கரியமில வாயுவை உள்ளே இழுக்கிறது என்று 1999இல் கண்டறிந்தார்கள். ஆக, எந்த வகை பெருகுகிறது என்பது காற்றுக்கும் சம்பந்தமுள்ள விஷயம்.

கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். சூடானால் வகை கூடாதா? கூடும். கூடிக்கொண்டும் இருக்கிறது. அலிஸ்டர் ஹார்டி உருவாக்கிய ஒரு கருவியை 1931 முதல் வணிகக் கப்பல்கள் வட அட்லாண்டிக்கில் இழுத்துச் செல்கின்றன. நீளமான பட்டுத் துணியில் மிதவை உயிரிகள் பதிந்துகொண்டே வரும். வெப்பநீரின் துடுப்புக்காலிகள் சில பத்தாண்டுகளில் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே நகர்ந்ததை அந்தத் துணிதான் காட்டியது. 1999இல் கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் இடையிலுள்ள லாப்ரடார் கடலில் நியோடென்டிகுலா செமினே என்ற டயாட்டம் சிக்கியது. அது பசிபிக்கைச் சேர்ந்தது. வட அட்லாண்டிக்கில் அது கடைசியாக வாழ்ந்து சுமார் 8 லட்சம் ஆண்டுகள் ஆகியிருந்தன. கனடாவுக்கு வடக்கே பனி விலகிய வழியாக வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். பட்டியலில் ஒரு பெயர் கூடியது உண்மை. அந்தக் கூடுதலில் என்னால் மகிழ முடியவில்லை, ஏனென்றால் அது வந்த வழி பனி இழந்த வழி.

பிரிட்டனுக்கும் நார்வேக்கும் இடையிலுள்ள வடகடலில் நடந்ததைப் பாருங்கள். அங்கே கலானஸ் ஃபின்மார்க்கிகஸ் குறைந்து, வெப்பநீரின் கலானஸ் ஹெல்கோலாண்டிகஸ் கூடியது. ஒன்று போய் இன்னொன்று. எண்ணிக்கைப் பட்டியலில் நஷ்டமே தெரியாது. ஆனால் முன்னது வசந்தத்தில் பெருகுவது, பின்னது இலையுதிர்காலத்தில் பெருகுவது. காட் மீனின் குஞ்சுகளுக்கு இரை வேண்டியது வசந்தத்தில். மிதமிஞ்சிய மீன்பிடிப்பால் ஏற்கெனவே நலிந்திருந்த காட் மீனுக்கு இதுவும் ஓர் அடியானது என்று 2003இல் விளக்கினார்கள். வகைமை காலத்தில் பரவியிருக்கிறது என்று மேலே சொன்னேனே, அது குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மேற்கே, அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோர மெய்ன் வளைகுடாவில் 2010க்குப் பிறகு, கொழுத்த ஃபின்மார்க்கிகஸ் கோடை கடைசியில் குறைந்தது. அதை நம்பியிருந்த வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்கு இடம்மாறின. அங்கே அவற்றைக் காக்கும் கப்பல் விதிகளோ மீன்வலை விதிகளோ அப்போது இல்லை. 2017இல் மட்டும் கனடா, அமெரிக்கக் கடல்களில் சேர்த்து 17 திமிங்கிலங்கள் இறந்து கண்டெடுக்கப்பட்டன, அவற்றில் 12 கனடாவில். கப்பல் மோதியும் மீன்பிடிக் கயிறுகளில் சிக்கியும் பல இறந்தன. அதன்பிறகுதான் கனடா வேகக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்த இனத்தில் மொத்தம் மிஞ்சியிருப்பவை 400க்கும் குறைவு. தின்பதற்கு எல்லாம் ஒன்றுதான் என்றால் அவை இடம்மாறியிருக்கவே வேண்டியதில்லை.

தென்துருவக் கடலைப் பற்றி இதில் அதிகம் சொல்ல முடியவில்லை. அங்கே நைட்ரேட் ஏராளமாக இருந்தும் பாசி பெருகாத பரந்த பகுதிகள் உண்டு, காரணம் இரும்புப் பற்றாக்குறை. 2009இல் இந்திய, ஜெர்மானிய விஞ்ஞானிகள் சேர்ந்து அங்கே இரும்பைத் தூவிப் பார்த்த லோஹாஃபெக்ஸ் சோதனையில் பாசி பெருகியது. ஆனால் நீரில் சிலிக்கா குறைவாக இருந்ததால் டயாட்டம்கள் வரவில்லை, வந்த பாசியைத் துடுப்புக்காலிகள் தின்றுவிட்டன, பாசி காற்றிலிருந்து இழுத்த கரிமம் எதிர்பார்த்த அளவு ஆழத்துக்குப் போகவில்லை. எந்த வகை என்ற உங்கள் கேள்வியே அங்கேயும் முன்னால் நிற்கிறது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்.